அண்ணன் மாலை போட்ட வருஷம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மோடு படித்தவர்கள் குழுவில் ஆளுக்கொரு சின்ன வயசுச் சங்கதி எழுத வேண்டும் என்று முடிவானபோது, வழக்கம்போல ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். வகுப்பிலேயே சுவரோடு ஒட்டி உட்கார்ந்தவள் நான். பத்தாவதுக்கு மேல் படிக்கவும் இல்லை. நீங்களெல்லாம் மாங்காய் பறித்து மாட்டிக்கொண்டதையும் கண்மாயில் சட்டையைத் தொலைத்ததையும் எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். அப்படிச் சிரிக்க வைக்கிற சங்கதி என்னிடம் கிடையாது.

ஆனால் போன மாதம் நம்மில் ஒருத்தி, தன் மகன் தூங்குவதே இல்லை, தனியாகப் பேசுகிறான், எந்தக் கோவிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று குழுவில் கேட்டிருந்தாள். வரிசையாகக் கோவில் பேர்களாக வந்து விழுந்தன. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யார் பேரையும் இதில் போடவில்லை. சிலர் இன்னும் இருக்கிறார்கள், சிலர் இல்லை.

அப்போது நான் ஆறாவது. எங்கள் வீடு ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின் தெருவில் இருந்தது. அப்பா அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணியை வெட்டி மடித்துக் கொடுப்பாள். வலை மாதிரி இருக்கும் அந்த வெள்ளைத் துணி வீடு முழுக்கக் கிடக்கும். அதன் சலவை வாடை சோற்றில்கூட அடிக்கும்.

அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்தான். தினமும் பஸ்ஸில் போய்வருவான். பஸ் டிக்கெட்டுகளை மடித்துக் கோத்து எனக்குச் சங்கிலி செய்து தருவான். பச்சையும் ரோஸுமாக அது என்னை விட நீளமாக வளர்ந்திருந்தது. பிற்பாடு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் அவன் டிக்கெட் கொண்டுவருவதை நிறுத்தினான். தட்டில் சோற்றைப் போட்டால் மோந்து பார்ப்பான். அம்மா ஒரு வாய் தின்ற பிறகுதான் தின்பான். மில் சங்கு ஊதும்போது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "என்னையத்தான் சொல்லுதாங்க" என்பான். யார் என்று கேட்டால் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பான். நான் அவன் பக்கத்தில் உட்காரப் பயந்தேன். பயந்தது தெரியக்கூடாது என்று அதற்கும் பயந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பாடம் நடக்கும்போது எழுந்து, தன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொல்லி வாத்தியாரைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறான். பிறகு வராந்தாவில் இருந்த தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துவிட்டான். பெரிய சார் ஆள் அனுப்பி அப்பாவை வரச் சொன்னார். ஹெட்மாஸ்டரை அங்கே எல்லாரும் பெரிய சார் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் என்ன பிரச்சினை என்று அவர் கேட்டாராம். பகல் பூராவும் பையன் உங்களிடம்தானே இருக்கிறான், அங்கே என்ன நடந்ததோ என்று அப்பா திருப்பிக் கேட்டாராம். வைத்தியம் பார்த்துக் குணமான பிறகு கூட்டிவாருங்கள் என்று பெரிய சார் முடித்துவிட்டார்.

மதுரையில் ஒரு மனநோய் டாக்டரிடம் காட்டினார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இது நோய்தான், மருந்துக்குக் கேட்கும், ஆனால் சரியாகிவிட்டது என்று நீங்களாக ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி இரண்டு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பழுப்புக் கவர்களில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்திருந்தார்கள்.

மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் அண்ணன் தூங்கினான். நிறையத் தூங்கினான். கை லேசாக நடுங்கியது, வாயோரம் எச்சில் வடிந்தது. ஆனால் தட்டை மோந்து பார்ப்பதை விட்டான். மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அங்கேதான் சிக்கல் வந்தது. மத்தியான மாத்திரையை யார் கொடுப்பது? அவனே போட்டுக்கொள்ள மாட்டான், காலில் போட்டு நசுக்கிவிடுவான். பள்ளிக்கூடத்தில் யாராவது கையில் கொடுத்து, முழுங்குகிறானா என்று பார்த்தால் போதும் என்று அப்பா கேட்டார். மாத்திரையெல்லாம் நாங்கள் கொடுக்க முடியாது, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார் பெரிய சார். தினம் மத்தியானம் வந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாராம். ஷிப்டை விட்டுவிட்டு அப்பா எப்படிப் போவார்? அண்ணன் வீட்டிலேயே கிடந்தான்.

பெரிய சார் கெட்டவர் இல்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. சொன்னதை நினைத்து அவருக்கே மனசு கேட்கவில்லை போல. கார்த்திகை பிறக்கிற சமயத்தில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர் குருசாமியோடு வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகிறவர் அவர். குருசாமி என்றால் ஒரு கூட்டத்துக்கு மாலை போட்டுவிட்டு மலைக்கு அழைத்துப் போகிற மூத்தவர். அண்ணனுக்கும் மாலை போட்டுவிடுங்கள், ஒரு மண்டலம் விரதம் இருந்தால் மனசு ஒரு நிலைக்கு வரும், பள்ளிக்கூடத்துக்கும் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாவின் முகம் அன்றைக்கு மாதிரி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ரயில்வேயில் வேலை கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

அம்மா ஒன்று மட்டும் கேட்டாள். மதுரை வைத்தியத்தைக் குருசாமியிடம் சொல்லவேண்டாமா?

"சொன்னா மாலை போடுவாரா? ஊருக்கே தெரிஞ்சு போகும். ஒரு பொட்டப்புள்ள இருக்கா வீட்டுல, நெனப்பு இருக்கா ஒனக்கு?" என்றார் அப்பா. என்னைக் காட்டித்தான் சொன்னார். அம்மா என் தலையில் கை வைத்து, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அந்தக் கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

மாலை போட்டதும் எல்லாம் மாறியது. மாலை போட்டவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, வயசு வித்தியாசம் இல்லாமல் சாமி என்றுதான் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வருஷம் போகிறவன் கன்னிசாமி, அவனுக்கு இன்னும் மரியாதை. நேற்றுவரை அண்ணனைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை, "சாமி, ஒரு வா காப்பி குடிக்கிறிகளா?" என்று வாசலுக்கு வந்து கேட்டாள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். பெரிய சாரும் கறுப்பு வேட்டியில் அவனை "வாங்க சாமி" என்றார். அவனும் அவரைச் சாமி என்றான்.

இப்போது யோசித்தால் எனக்குப் புரிவது இதுதான். அவன் நோயில் என்னவெல்லாம் செய்தானோ, அதெல்லாமே விரதத்தில் செய்யலாம் என்று ஆகிவிட்டது. வெளியார் யார் கையாலும் வாங்கிச் சாப்பிட மாட்டான், ஆச்சாரம் என்றார்கள். பாயில் படுக்க மாட்டான், சிமெண்டுத் தரையில் கிடப்பான், கட்டுப்பாடு என்றார்கள். விடியும் முன்னால் எழுந்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வான். சிநேகிதர்களோடு பேச்சை நிறுத்தினான். உதடு சதா எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், சரணம் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது சரணம் இல்லை என்று தெரியும். பக்கத்தில் போய்க் கேட்டிருக்கிறேன். யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை. சாமியை எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்க எந்த வாத்தியாருக்கும் கை வரவில்லையாம்.

முதல் பத்துப் பன்னிரண்டு நாள் வரைக்கும் மாத்திரை உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. மத்தியான மாத்திரை கிடையாது, மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதுமே அது நின்றுபோனது. மற்றதை அம்மா கையில் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். அப்புறம் அம்மாவுக்கு மாசாந்திரம் வந்தது. மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் அந்த நாட்களில் இருக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டு அத்தையின் பின்கட்டில் போய் இருந்தாள். கவர்களை அப்பாவிடம் கொடுத்து, சூரியன் எது நிலா எது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா மாத்திரையை நீட்டினார். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. அமைதியாகச் சொன்னான்.

"சாமி மாத்திரை சாப்பிடாது."

அப்பா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். முந்தின மாதமாக இருந்தால் தலையைப் பிடித்து வாயில் போட்டிருப்பார். இப்போது கழுத்தில் மாலை கிடந்தது. மாத்திரையைக் கவருக்குள் திரும்பப் போட்டு, ஆணியில் மாட்டினார்.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கவர்கள் கனம் குறையாமல் தொங்கின. அப்பாவைக் கேட்டாள். சாமி சொன்னதை நான் எப்படி மீறுவது, நீயே பார், முன்னைவிடத் தெளிவாகத்தானே இருக்கிறான் என்றார். அது பொய்யும் இல்லை. தூக்கக் கலக்கம் போயிருந்தது, கை நடுக்கம் நின்றிருந்தது. கண்கள் பளபளவென்று இருந்தன. ஊரே அதை ஐயப்பன் அருள் என்றது. அம்மாவும் ஒரு வாரம் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசாமி கூட்டத்தார் எல்லாரும் அய்யனார் கோவிலுக்குப் போனார்கள். அங்கே ஆற்றில் குளித்து, பஜனை வைத்து, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம். சமையலுக்கு அம்மாவும் கூடமாட நானும் போனோம். மேலே மலையில் மழை பெய்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் சத்தம் போட்டு ஓடியது. ஓரத்தில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள் என்று குருசாமி சொன்னார். குருசாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீருக்கு மேலே கேட்கிற குரல் அவருக்கு.

அண்ணன் நேராக ஆற்றுக்குள் இறங்கினான். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. அங்கே ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். கிளையும் சருகும் அவன் முகத்தில் மோதிப் போயின. குருசாமி இரண்டு தடவை வரச் சொன்னார். அவன் அசையவில்லை. யாரோ ஒருவர், "கன்னிசாமிக்கு என்ன பக்தி பாருங்க" என்று சொல்ல, கரையில் நின்ற கறுப்பு வேட்டிகள் எல்லாம் சரணம் பாடத் தொடங்கின. அவன் உள்ளே நிற்க நிற்க இவர்கள் பாட்டு ஓங்கியது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஒருவர் கையை நீட்டி மறித்தார். அம்மா அந்தக் கைக்கு இந்தப் பக்கமே நின்றாள். என் தோளை அவள் பிடித்திருந்த இடம் ரெண்டு நாள் வலித்தது.

அவனாகத்தான் ஏறி வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கூட வந்திருந்த அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் சுற்றி இருந்தவர்கள் அவர் முதுகைத் தட்டி, குடுத்து வச்ச ஆளுய்யா நீரு என்றதும் சிரித்தார்.

மறுவாரம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அவள் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. பெரிய சார் அறையில் ஊதுபத்தி மணத்தது. அவர் எழுந்து நின்று, உட்காருங்கம்மா என்றார். அம்மா உட்காரவில்லை.

"சாமி நல்லாத்தான் இருக்கார்மா. முன்ன மாதிரி ஒரு சத்தம் இல்ல. பின்னால கண்ண மூடி உக்காந்திருக்கார். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல" என்றார்.

"படிக்கானா சார்?" என்றாள் அம்மா.

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். மலைக்குப் போய்விட்டு வரட்டும், பிறகு பாருங்கள் என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று அம்மா சொன்னாள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது வீட்டில் நீங்கள் பார்க்கவேண்டிய காரியம் இல்லையா என்றார். வீட்டில் அப்பாவைக் கேட்டால் சாமி இஷ்டம் என்கிறார் என்றாள். மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வராந்தா தூணுக்குப் பக்கத்தில் அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான்.

மார்கழியில் இருமுடி கட்டுகிற நாள் வந்தது. மலைக்குத் தலையில் சுமந்து போகிற பையைக் கட்டுகிற சடங்கு அது. பிள்ளையார் கோவில் மண்டபத்தில் காலையிலேயே எல்லாரும் கூடிவிட்டார்கள். நெய்யும் கற்பூரமும் ஈரத் தரையுமாக வாசம் கலந்து அடித்தது. வழுவழுவென்று தேய்த்த தேங்காய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அதன் கண்ணைத் திறந்து நெய் ஊற்றி அடைக்க வேண்டும். பிறகு வீட்டார் ஒவ்வொருவராக வந்து பையில் அரிசி போடுவார்கள். மறுநாள் காலை வேன் புறப்படும்.

அண்ணன் தூங்கி எத்தனை நாள் ஆகியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவன் முறை வந்தது. குருசாமி மூக்கு வைத்த நெய்க் கிண்டியைச் சாய்த்தார். அண்ணன் தேங்காயைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நெய்யில என்னமோ கலந்திருக்கு" என்றான்.

பக்கத்தில் இருந்த பெரிய சார் சிரித்து, சாமி சோதிக்கிறார் என்று சொல்லி, உள்ளங்கையில் நெய்யை வாங்கிக் குடித்துக் காட்டினார். அண்ணன் குருசாமியையும் குடிக்கச் சொன்னான். அவரும் குடித்தார். அப்பாவைக் காட்டினான். அப்பாவும் குடித்தார். சிலர் அதை விளையாட்டாகப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அண்ணன் அந்தத் தேங்காயைத் தூக்கி, பெரிய சார் தலைக்கு மேலாகச் சுவரில் அடித்தான். சிதறிய ஓடு ஒரு சின்னப் பையன் காதைக் கிழித்தது.

பிறகு பின்னால் இருந்து ஒருவர், அருள் வந்துவிட்டது என்றார். சரணம் தொடங்கியது. கைதட்டிப் பாடினார்கள். அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க என்று சுவரோரம் குனிந்து உட்கார்ந்தான். அவன் குரல் அந்தப் பாட்டில் கேட்கவே இல்லை.

அம்மா ஆண்கள் நடுவில் நடந்து போனாள். இந்தத் தடவை யார் மறித்திருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள்.

"பாட்ட நிறுத்துங்க" என்றாள். "இவன் மதுரையில மனநோய்க்கு வைத்தியம் பாக்குற புள்ள. மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் ஆகுது."

அப்பா அவளைப் பார்த்து, ஏட்டி என்று அதட்டினார்.

பெரிய சார் எழுந்து வந்தார். நெய் அவர் முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. இருமுடிக் கட்டு நின்றுபோகக் கூடாதம்மா, வேனில் என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன், போய் வருகிற வரைக்கும் என் பொறுப்பு என்றார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு மாத்திரைய கையில குடுக்க மாட்டேன்னுட்டிய. மலையில எப்படிப் பாப்பிய?" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அவர் தலை குனிந்தது. அந்த மாதிரி ஒரு பெரிய மனிதர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

குருசாமி அப்பாவிடம் திரும்பி, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சாமி மாத்திரை சாப்பிடாது என்று சொன்னான், மாலை போட்ட பிறகு எப்படிக் கட்டாயப்படுத்துவது என்று அப்பா முனகினார்.

"எவன்யா சொன்னான் அப்படி? நான் தெனம் சக்கரைக்கு ஊசி போட்டுட்டுத்தான் மலை ஏறுதேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றார் குருசாமி. பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆத்துல நின்னப்பவே எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. எல்லாரும் பாடவும் நானும் பாடிட்டேன்."

மாலையைப் பாதியில் கழற்றினால் சாமி குற்றம் என்று யாரோ சொன்னார்கள். மாலையைக் குருசாமி கழற்றலாம், இல்லையென்றால் பெற்றவள் கழற்றலாம், குற்றம் ஏதாவது இருந்தால் அது என் தலையில் விடியட்டும் என்று குருசாமி சொன்னார். நீங்களே கழற்றுங்கள் என்று அம்மாவுக்கு வழிவிட்டார்.

அண்ணன் சுவரோரம் அப்படியே குனிந்திருந்தான். அம்மா அவன் முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அவன் அடிப்பானோ என்று பயந்தேன். அவன் கையை ஓங்கவும் செய்தான். அம்மா நகரவில்லை. ஓங்கின கை அவள் தோளில் வந்து விழுந்து அங்கேயே கிடந்தது. அவள் மாலையைத் தலை வழியாக மெல்ல எடுத்துக் குருசாமி கையில் கொடுத்தாள்.

அண்ணன் வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அந்த மாதத்தில் முதல் தடவையாக அம்மா முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஊரே என்னைய சாமின்னுச்சும்மா. இனிமே என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஒம் பேரச் சொல்லித்தான்" என்றாள் அம்மா. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழுந்து அவளோடு நடந்தான். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார்.

மறுநாள் வேன் மலைக்குப் புறப்பட்டுப் போனது. பெரிய சாரும் அதில் போனார். அண்ணனை மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் அவனை வார்டில் சேர்த்துக்கொண்டு, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். அப்பா மில்லுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். அம்மா சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தாள்.